ஜாவாஸ்கிரிப்ட்டில் பின்னலான பின்னழைப்புகளும் செயற்கூற்றின் சூழலும்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஒரு செயற்கூற்றை இன்னொரு செயற்கூற்றுக்குச் செயலுருபாக அனுப்பலாம். அவ்வாறு அனுப்பப்பட்டு, பின்னர் வேறொருவரால் அழைக்கப்படும் செயற்கூறு கால்பேக் அல்லது பின்னழைப்பு எனப்படுகிறது. ஒரு பின்னழைப்பின் உள்ளே மற்றொன்று, அதனுள்ளே வேறொன்று என அமையும்போது அவை பின்னலான பின்னழைப்புகள் ஆகின்றன. இத்தகைய நிரலில் இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான விடை தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, உள்ளே இருக்கும் செயற்கூறு எந்தெந்த மாறிகளைக் காண முடியும் என்பது. இது வரையெல்லை பற்றியது. இரண்டாவது, அதன் உள்ளே 'திஸ்' என்னும் சிறப்புச்சொல் எந்தப் பொருளைக் குறிக்கும் என்பது. இது சூழல் பற்றியது. இவ்விரண்டும் வெவ்வேறு விதிகளின்படி இயங்குகின்றன. இரண்டையும் ஒன்றென எண்ணுவதே இப்பகுதியில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

இக்கட்டுரையில் நிரல் வரிகள் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் இயக்கும்போது மொழியின் சிறப்புச்சொற்களையும் உள்ளமைந்த செயற்கூறுகளின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் இட வேண்டும். மாறிகளுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; ஜாவாஸ்கிரிப்ட் யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது.

பின்னணி

ஜாவாஸ்கிரிப்ட்டை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். அதன் எழுத்துநடை ஜாவாவை ஒத்திருந்தாலும், அடிப்படைக் கருத்துகள் வேறு மொழிகளிலிருந்து வந்தவை. செயற்கூறுகளை மதிப்புகளைப் போலவே கையாள்வதும், உள்செயற்கூறு வெளிச்செயற்கூற்றின் மாறிகளைக் காண்பதும் ஸ்கீம் மொழியின் வழியில் அமைந்தவை. பொருள்களை முன்மாதிரியிலிருந்து உருவாக்கும் முறை செல்ஃப் என்னும் மொழியிலிருந்து வந்தது. 'திஸ்' என்ற சொல்லோ ஜாவாவை நினைவூட்டுகிறது. ஆனால் ஜாவாவில் அச்சொல் எப்போதும் அந்த இனக்குழுவின் பொருளையே குறிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படி ஓர் உறுதி இல்லை. ஜாவா கற்றுவிட்டு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வரையெல்லை

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு மாறி எங்கே தெரியும் என்பது, நிரல் எழுதப்பட்டிருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவாகிறது. உள்செயற்கூற்றில் ஒரு பெயர் வந்தால், இயக்கி முதலில் அச்செயற்கூற்றின் உள்ளே தேடும். அங்கு இல்லையெனில் அதைச் சூழ்ந்த செயற்கூற்றில் தேடும். இவ்வாறு படிப்படியாக வெளியே சென்று, கடைசியாக முழுதளாவிய வரையெல்லையில் தேடும். அங்கும் இல்லையெனில் பிழை எழும்.

வெளிச்செயற்கூறு வேலையை முடித்துத் திரும்பிய பிறகும், உள்செயற்கூறு உயிருடன் இருக்கும்வரை அது பயன்படுத்தும் வெளிமாறிகள் நினைவகத்தில் தங்கியிருக்கும். இவ்வமைப்பே குளோஷர் எனப்படுகிறது. குளோஷர் பிடித்து வைத்திருப்பது மாறியின் அப்போதைய மதிப்பை அல்ல, மாறியையே. மாறியின் மதிப்பு பின்னர் மாறினால், பின்னழைப்பு இயங்கும்போது புதிய மதிப்பே அதற்குத் தெரியும்.

சூழல்

'திஸ்' மாறி அன்று. தமிழில் 'இது' என்னும் சுட்டுச்சொல்லைப் போன்றது அது. 'இது' என்று தாளில் எழுதி வைத்தால் அதற்குத் தனியே பொருள் இல்லை. யார், எதைக் காட்டிச் சொல்கிறார் என்பதை வைத்தே பொருள் அமைகிறது. அதுபோல, சாதாரணச் செயற்கூற்றினுள் 'திஸ்' எதைக் குறிக்கும் என்பது அச்செயற்கூறு எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்ததன்று; அது அழைக்கப்படும் விதத்தைப் பொறுத்தது. அழைக்கும் விதங்கள் நான்கு.

1. வெறும் அழைப்பு. செயற்கூற்றின் பெயரை மட்டும் எழுதி அழைத்தால், 'திஸ்' முழுதளாவிய பொருளைக் குறிக்கும். உலாவியில் அது 'விண்டோ'. கண்டிப்பு நிலையில் மட்டும் 'திஸ்' வரையறுக்கப்படாததாக, அதாவது 'அன்டிஃபைன்ட்' ஆக இருக்கும்.

2. வழிமுறை அழைப்பு. ஒரு பொருளின் பெயர், புள்ளி, வழிமுறையின் பெயர் என எழுதி அழைத்தால், புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள பொருளே 'திஸ்'.

3. வெளிப்படையான அழைப்பு. 'கால்', 'அப்ளை' ஆகிய வழிமுறைகளைக் கொண்டு அழைத்தால், முதல் செயலுருபாகத் தரப்படும் பொருளே 'திஸ்'. 'பைண்ட்' உடனே அழைப்பதில்லை. 'திஸ்' நிலையாகப் பிணைக்கப்பட்ட புதிய செயற்கூறு ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது.

4. ஆக்க அழைப்பு. 'நியூ' என்ற சொல்லுடன் அழைத்தால், புதிதாக உருவாகும் பொருளே 'திஸ்'.

பிழை எவ்வாறு நேர்கிறது

ஒரு கடையின் ரசீதைக் கணக்கிடும் பின்வரும் நிரலைக் காண்க.

லெட் கடை = {
  வரி: 5,
  விலைகள்: [100, 200, 300],
  ரசீது: ஃபங்ஷன் () {
    லெட் மொத்தம் = 0;
    திஸ்.விலைகள்.ஃபார்ஈச்(ஃபங்ஷன் (விலை) {
      மொத்தம் = மொத்தம் + விலை + விலை * திஸ்.வரி / 100;
    });
    ரிட்டர்ன் மொத்தம்;
  }
};

விலைகளின் கூட்டுத்தொகை 600. வரி 5 விழுக்காடு. ஆகவே கடை.ரசீது() என்று அழைத்தால் 630 வர வேண்டும். ஆனால் வருவதில்லை.

வெளியே உள்ள 'ரசீது' புள்ளியுடன் அழைக்கப்படுவதால் அதன் 'திஸ்' கடையைக் குறிக்கிறது. எனவே 'திஸ்.விலைகள்' சரியாகக் கிடைக்கிறது. உள்ளே உள்ள பெயரற்ற செயற்கூற்றை நிரலர் அழைக்கவில்லை, 'ஃபார்ஈச்' அழைக்கிறது. அது வெறும் அழைப்பு. ஆகவே அங்கே 'திஸ்' என்பது கடை அன்று, 'விண்டோ'. 'மொத்தம்' என்னும் மாறியோ வரையெல்லை விதிப்படி உள்ளே சரியாகவே தெரிகிறது. ஒரே வரியில் வரையெல்லை சரியாகவும் சூழல் தவறாகவும் இருப்பதை இங்கே காணலாம்.

இதன் விளைவு மூன்று வகைகளில் அமையக்கூடும்.

'விண்டோ' பொருளில் 'வரி' என்ற பண்பு இல்லையெனில், வரையறுக்கப்படாத மதிப்பைக் கொண்டு பெருக்கல் நடக்கும். விடை 'நேன்', அதாவது எண் அல்லாத மதிப்பு. ரசீதில் தொகைக்குப் பதில் இச்சொல் அச்சாகும். பிழை கண்ணுக்குத் தெரிவதால் திருத்திவிடலாம்.

கண்டிப்பு நிலையில் நிரல் அந்த வரியிலேயே நின்று, வரையறுக்கப்படாத ஒன்றின் பண்பைப் படிக்க இயலாது என்ற பிழைச்செய்தியைத் தரும். பிழை நேர்ந்த இடமும் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகையே ஆபத்தானது. அதே பக்கத்தில் வேறு எங்கோ 'வார் வரி = 18' என்று முழுதளாவிய மாறி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உலாவியில் 'வார்' கொண்டு அறிவிக்கப்படும் முழுதளாவிய மாறி 'விண்டோ'வின் பண்பாகவும் ஆகிவிடும். அப்போது 'திஸ்.வரி' 18 எனக் கிடைக்கும். ரசீதில் 630க்குப் பதில் 708 வரும். பிழைச்செய்தி எதுவும் இல்லை. எண்ணும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. வாங்குபவர் கூட்டிப் பார்த்தால் ஒழிய இத்தவறு வெளியே தெரியாது.

'நேம்' என்னும் பண்பிலும் இத்தகைய ஒளிந்த பிழை நேர்வதுண்டு. உலாவியின் 'விண்டோ' பொருளுக்கு இப்பெயரில் ஏற்கெனவே ஒரு பண்பு உண்டு. அதன் மதிப்பு பெரும்பாலும் வெற்றுச்சரம். எனவே சூழல் தவறினால், பெயர் வர வேண்டிய இடம் ஓசையின்றி வெறுமையாக இருக்கும்.

தீர்வுகள்

மாறியில் சேமித்தல். 'திஸ்' அழைப்பைப் பொறுத்து மாறும். மாறியோ எழுதிய இடத்தைப் பொறுத்தது. ஆகவே வெளிச்செயற்கூற்றில் 'வார் இக்கடை = திஸ்' என்று சேமித்து, உள்ளே 'இக்கடை.வரி' என்று எழுதினால் போதும். சூழல் சிக்கலை வரையெல்லை கொண்டு தீர்க்கும் இவ்வழி எல்லாப் பதிப்புகளிலும் இயங்கும். பழைய நிரல்களில் 'தேட்', 'ஸெல்ஃப்' ஆகிய பெயர்கள் இதற்கு வழங்கின. 'ஸெல்ஃப்' என்ற பெயரில் ஓர் எச்சரிக்கை தேவை. உலாவியில் அப்பெயர் ஏற்கெனவே 'விண்டோ'வைக் குறிக்கிறது. மாறியை அறிவிக்க மறந்தால் பிழைச்செய்தி வராமல் தவறான பொருள் கிடைக்கும்.

பிணைத்தல். 2009 டிசம்பரில் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 5ஆம் பதிப்பு 'பைண்ட்' வழிமுறையைத் தந்தது. உள்செயற்கூற்றின் முடிவில் '.பைண்ட்(திஸ்)' என்று சேர்த்தால், அதை யார் அழைத்தாலும் 'திஸ்' மாறாது. ஒருமுறை பிணைத்த செயற்கூற்றை மீண்டும் வேறு பொருளுடன் பிணைக்க முடியாது.

இரண்டாம் செயலுருபு. 'ஃபார்ஈச்', 'மேப்', 'ஃபில்டர்' போன்ற அணி வழிமுறைகள் பின்னழைப்புக்கு அடுத்து இன்னொரு செயலுருபையும் ஏற்கின்றன. அங்கே தரப்படும் பொருள் பின்னழைப்பின் 'திஸ்' ஆகும். மேற்கண்ட நிரலில் உள்செயற்கூற்றின் மூடும் அடைப்புக்குப் பின் ', திஸ்' என்று சேர்த்தாலே 630 வந்துவிடும்.

அம்புச் செயற்கூறு. 2015இல் வெளியான 6ஆம் பதிப்பில் இது அறிமுகமானது. அம்புச் செயற்கூற்றுக்குத் தனக்கென்று 'திஸ்' கிடையாது. அதனுள் அச்சொல் வந்தால், சாதாரண மாறியைப் போலவே, சூழ்ந்துள்ள செயற்கூற்றில் தேடப்படும். ஆகவே பின்வரும் வடிவம் சரியாக இயங்கும்.

திஸ்.விலைகள்.ஃபார்ஈச்((விலை) => {
  மொத்தம் = மொத்தம் + விலை + விலை * திஸ்.வரி / 100;
});

எத்தனை அடுக்குப் பின்னழைப்புகள் இருந்தாலும், அவை அனைத்தும் அம்புச் செயற்கூறுகளாக இருக்கும்வரை 'திஸ்' வெளிவழிமுறையின் பொருளையே குறிக்கும். இடையில் ஒரே ஒரு சாதாரணச் செயற்கூறு வந்தாலும் சங்கிலி அங்கே அறுந்துவிடும்.

அம்புச் செயற்கூறு பொருந்தாத இடங்கள்

எல்லா இடங்களிலும் அம்பையே பயன்படுத்துவதும் தவறாகும். மேற்கண்ட கடையில் 'ரசீது' என்னும் வழிமுறையையே அம்புச் செயற்கூறாக எழுதினால், அதைச் சூழ்ந்து வேறு செயற்கூறு இல்லை. பொருளின் நெளிவடைப்பு தனிச் சூழலை உருவாக்குவதில்லை. எனவே 'திஸ்' கடையைக் குறிக்காது, 'திஸ்.விலைகள்' கிடைக்காமல் நிரல் நின்றுவிடும். வழிமுறைகளைச் சாதாரணச் செயற்கூறாகவும், அவற்றினுள் வரும் பின்னழைப்புகளை அம்பாகவும் எழுதுவது பொதுவாகப் பொருந்தும்.

அம்புச் செயற்கூற்றை 'நியூ' கொண்டு அழைக்க முடியாது. 'கால்', 'அப்ளை', 'பைண்ட்' ஆகியவற்றால் அதன் 'திஸ்' மாறாது. செயலுருபுகளின் தொகுப்பைத் தரும் 'ஆர்கியுமெண்ட்ஸ்' என்பதும் அதற்குத் தனியே இல்லை.

நேரங்கடத்தியும் நிகழ்வுகளும்

பின்னழைப்பை யார் அழைக்கிறார் என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

'செட்டைம்அவுட்' உலாவியில் தன் பின்னழைப்பை 'விண்டோ'வையே 'திஸ்' ஆகக் கொண்டு அழைக்கிறது. கண்டிப்பு நிலையில் எழுதிய செயற்கூறாயினும் இங்கே 'திஸ்' வரையறுக்கப்படாததாக இராது. நோட் சூழலில் அதே பின்னழைப்புக்கு நேரங்கடத்திப் பொருள் 'திஸ்' ஆகிறது. ஒரே நிரல் இரண்டு இடங்களில் இரு விதமாக இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிமுறையைப் பெயரால் எடுத்து அனுப்புவதும் இதே சிக்கலைத் தரும். 'செட்டைம்அவுட்(கடை.ரசீது, 1000)' என்ற வரியில் கடை அனுப்பப்படவில்லை; செயற்கூறு மட்டுமே அனுப்பப்படுகிறது. ஒரு நொடி கழித்து அது அழைக்கப்படும்போது புள்ளிக்கு இடப்பக்கம் எதுவும் இல்லை. '() => கடை.ரசீது()' என்று அம்பால் சுற்றி அனுப்பினால் அழைப்பு மீண்டும் வழிமுறை அழைப்பாகிவிடும்.

'ஆட்ஈவென்ட்லிசனர்' வழியே பொத்தானுக்குப் பின்னழைப்பு தரும்போது, சாதாரணச் செயற்கூற்றில் 'திஸ்' அந்தப் பொத்தானைக் குறிக்கும். பொத்தானே வேண்டுமெனில் இது வசதி. வெளிப்பொருள் வேண்டுமெனில் அம்பு தேவை. நிகழ்வுப் பொருளின் 'கரன்ட்டார்கெட்' பண்பும் அதே பொத்தானைத் தருவதால், அம்பில் இரண்டையும் பெறலாம். பிணைத்த செயற்கூற்றை நிகழ்விலிருந்து நீக்க விரும்பினால் அதை முதலிலேயே ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு 'பைண்ட்' அழைப்பும் புதிய செயற்கூற்றைத் தருவதால், நீக்கும் இடத்தில் மீண்டும் பிணைத்துக் கொடுத்தால் நீங்காது.

பின்னலில் வரையெல்லைப் பிழைகள்

சூழல் சரியாக இருந்தும் வரையெல்லையால் நேரும் பிழைகள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

சுழற்சி மாறி. 'வார்' கொண்டு அறிவித்த எண்ணியால் மூன்று முறை சுழன்று, ஒவ்வொரு முறையும் 'செட்டைம்அவுட்' வழியே அந்த எண்ணைக் காட்டச் சொன்னால், 0, 1, 2 என்று வராது. 3, 3, 3 என்று வரும். மூன்று பின்னழைப்புகளும் ஒரே மாறியைப் பிடித்திருக்கின்றன. அவை இயங்கும் முன்பே சுழற்சி முடிந்து அதன் மதிப்பு 3 ஆகிவிடுகிறது. 'லெட்' கொண்டு அறிவித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி உருவாகும். 0, 1, 2 என்று வரும்.

பகிரப்பட்ட மாறி. மதிப்பெண் பதியும் பக்கம் ஒன்றைக் கொள்வோம். சொடுக்கப்பட்ட மாணவரின் எண் 'தேர்ந்தஎண்' என்னும் முழுதளாவிய மாறியில் வைக்கப்படுகிறது. ஆசிரியர் 12ஆம் எண்ணைச் சொடுக்குகிறார். வழங்கியிலிருந்து விடை வருவதற்குள் 15ஆம் எண்ணைச் சொடுக்கிவிடுகிறார். 12க்கான விடை வந்து பின்னழைப்பு இயங்கும்போது மாறியின் மதிப்பு 15. ஒரு மாணவரின் மதிப்பெண் இன்னொருவர் பெயரில் காட்டப்படும். சொடுக்கைக் கையாளும் செயற்கூற்றின் உள்ளேயே 'கான்ஸ்ட் எண் = தேர்ந்தஎண்' என்று தனி மாறியில் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கோரிக்கையும் தன் எண்ணைத் தானே வைத்திருக்கும்.

பெயர் மறைப்பு. நோட் சூழலின் பின்னழைப்புகளில் முதல் அளபுரு பிழையைக் குறிப்பது வழக்கம். மூன்று அடுக்கிலும் அதற்கு 'பிழை' என்றே பெயரிட்டால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். வெளிப்பிழையைச் சோதிப்பதாக எண்ணி உள்பிழையைச் சோதிக்கும் தவறு இதனால் நேர்கிறது. அடுக்குக்கு ஏற்பப் பெயரை மாற்றுவது நல்லது.

பின்னலைக் குறைத்தல்

அடுக்குகள் கூடக்கூட நிரல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். எந்த 'திஸ்' எதைக் குறிக்கிறது என்பதைக் கண்ணால் தொடர்வதும் கடினமாகும். பெயரற்ற செயற்கூறுகளுக்குப் பெயரிட்டு வெளியே எடுப்பது ஒரு வழி. ஆனால் வெளியே எடுத்த செயற்கூறு, முன்பு கண்ட வெளிமாறிகளைக் காண முடியாது. அவற்றை அளபுருக்களாகத் தர வேண்டும்.

2015ஆம் பதிப்பின் 'ப்ராமிஸ்' பொருள்கள் அடுக்கைச் சங்கிலியாக மாற்ற உதவின. 2017ஆம் பதிப்பின் 'அசிங்க்', 'அவெய்ட்' சொற்கள் பின்னலை ஏறத்தாழ நீக்கிவிட்டன. 'அவெய்ட்' உள்ள இடத்தில் செயற்கூறு நின்று, பின்னர் அதே இடத்திலிருந்து தொடர்கிறது; புதிய செயற்கூறு எதுவும் நுழைவதில்லை. ஆகவே காத்திருப்புக்கு முன்னும் பின்னும் 'திஸ்' ஒன்றே. எனினும் காத்திருக்கும் நேரத்தில் பகிரப்பட்ட மாறியின் மதிப்பு மாறக்கூடும் என்பது இங்கும் பொருந்தும்.

பிழையைக் கண்டறிதல்

பின்னழைப்பில் எதிர்பாராத மதிப்பு வந்தால் பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

பிழை வந்த சொல் 'திஸ்' கொண்டு தொடங்குகிறதா, வெறும் பெயரா எனப் பார்க்க வேண்டும். முதலாவது எனில் சூழல் சிக்கல். இரண்டாவது எனில் வரையெல்லைச் சிக்கல்.

சூழல் சிக்கல் எனில், அச்சொல்லை நேராகச் சூழ்ந்துள்ள, அம்பு அல்லாத செயற்கூறு எது எனக் காண வேண்டும். அதை எழுதியவர் யார் என்பதை விட்டு, அழைப்பவர் யார் எனக் கேட்க வேண்டும்.

வரையெல்லைச் சிக்கல் எனில், அம்மாறி எங்கே அறிவிக்கப்பட்டது, பின்னழைப்பு இயங்குவதற்குள் அதன் மதிப்பை வேறு யாரேனும் மாற்ற முடியுமா எனப் பார்க்க வேண்டும்.

நிரலின் முதல் வரியில் கண்டிப்பு நிலையை அறிவிப்பது பயன்தரும். இனக்குழுக்களின் உள்ளும், தொகுதிகளின் உள்ளும் அது தானாகவே நடப்பில் இருக்கும். ரசீது நிரல் இந்நிலையில் எழுதப்பட்டிருந்தால் 708 என்ற தவறான தொகை அச்சாகியிராது. கணக்கிடும் வரியிலேயே நிரல் நின்று, பிழை எங்கே உள்ளது என்பதைக் காட்டியிருக்கும்.